அறுபத்தொன்றுக்கு வந்த விடை

1766319049.

நூற்று எழுபத்தாறு கோடியே அறுபத்து மூன்று இலட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நாற்பத்தொன்பது. பார்த்த மாத்திரத்தில் இந்த எண்ணிடம் எந்தச் சிறப்பும் தெரியாது. இலக்கங்களில் ஒழுங்கில்லை, பகா எண்ணும் அன்று. ஒரு நகராட்சியின் வரவு செலவுக் கணக்கில் இடம்பெற்றிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் இந்தியக் கணித வரலாற்றில் இதைவிடக் கனமான எண் ஒன்றைக் காட்டுவது கடினம். 1729-க்கு ஒரு வாடகைக் கார்க் கதை வாய்த்தது. 6174-க்குத் தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கரின் பெயர் வாய்த்தது. இந்தப் பத்திலக்க எண்ணுக்கு அப்படி எதுவும் அமையவில்லை. நூல்கள் போகிற போக்கில் ஓர் எடுத்துக்காட்டாக இதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகின்றன.

இரண்டாம் பாஸ்கரர் 1114-இல் பிறந்தவர். முப்பத்தாறாம் வயதில், 1150-இல், சித்தாந்த சிரோமணியை எழுதி முடித்தார். அதன் பகுதியாகிய பீஜகணிதத்தில், நண்பனை விளித்துக் கேட்பது போல் ஒரு வினா வருகிறது. எந்த வர்க்கத்தை 67-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மீண்டும் ஒரு வர்க்கம் கிடைக்கும்? 61-ஆல் பெருக்கினால்? முழு எண்ணாகவே விடை வேண்டும், சுழியம் செல்லாது.

வினா எளிமையாகத்தான் தோன்றுகிறது. 61-க்கு அண்டை அயலில் உள்ள எண்களை எடுத்துக்கொண்டால் அது எளிமையாகவே இருக்கவும் செய்கிறது. 60-க்கு விடை 4: நான்கின் வர்க்கம் 16, அறுபது மடங்கு 960, ஒன்று கூட்டினால் 961, அது 31-இன் வர்க்கம். 62-க்கு விடை 8: 64 × 62 + 1 = 3969, அது 63-இன் வர்க்கம். 63-க்கு 1 என்பதே போதும். இவற்றைப் போட்டுப் பார்த்த மாணவர் 61-க்கும் பத்துக்குள் ஏதோ ஒன்று அகப்படும் என்றுதான் எண்ணுவார். பத்து முடியும், நூறு முடியும், ஆயிரம் முடியும், ஒன்றும் அகப்படாது. அகப்படும் மிகச் சிறிய எண் 226153980. அதன் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டும்போது கிடைக்கும் வர்க்கத்தின் மூலம்தான் மேலே சொன்ன 1766319049. இரண்டையும் பாஸ்கரர் எழுதிவைத்திருக்கிறார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, இரவு பகல் உறங்காமல் ஒருவர் முயன்றார் என்று கொள்வோம். விடையை எட்ட ஏறக்குறைய 430 ஆண்டுகள் ஆகும். 1150-இல் தொடங்கியவர் 1580 வாக்கில் எழுந்திருப்பார். எனவே இந்த எண்ணைத் தற்செயலாகத் தடுக்கி விழுந்து கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வழியே இல்லை. இங்கே விடையே சாட்சி. ஒரு முறை இருந்தது, அது வேலை செய்தது என்பதை இந்தப் பத்து இலக்கங்கள் ஐயத்துக்கு இடமின்றி உரைக்கின்றன.

அவை உரைக்காதது ஒன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

முறையின் வேர் பிரம்மகுப்தரிடம் இருக்கிறது. 628-இல் அவர் எழுதிய பிரம்ம ஸ்புட சித்தாந்தத்தில் இதே வகை வினா 92 என்ற எண்ணுக்கு வருகிறது. ஓராண்டுக்குள் இதைத் தீர்ப்பவனே கணிதன் என்பது அவருடைய அறைகூவல். விடை 120-உம் 1151-உம். பிரம்மகுப்தர் கண்டது ஓர் அரிய உண்மை: தவறிய விடைகளுக்கும் மதிப்புண்டு. 61 × 1 உடன் 1 கூட்டினால் 62. அது வர்க்கம் அன்று. ஆனால் 3 கூட்டினால் 64. அது 8-இன் வர்க்கம். கூட்ட வேண்டியது 1; நாம் கூட்டியது 3. இந்த மூன்றை அவர்கள் க்ஷேபம் என்றனர்; இங்கே எச்சம் என்றே சொல்வோம். இவ்வாறு தவறிய விடைகள் இரண்டு கையில் இருந்தால், அவற்றைக் குறுக்கே பெருக்கிக் கூட்டி மூன்றாவது ஒன்றை ஆக்கலாம். எச்சங்கள் இரண்டும் பெருக்கிக்கொள்ளும். இந்தச் சேர்க்கைக்குப் பாவனை என்று பெயர். நவீன இயற்கணிதம் படித்தவர்களுக்கு இதில் நெறிமத்தின் பெருக்கற்பண்பு தெரியும். ஆனால் அந்தச் சொல்லாட்சி இல்லாமலே, அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முன்பே, இரண்டு எண் இணைகளை ஒரே பொருளாகக் கருதிப் பெருக்கும் துணிவு ஒருவருக்கு வந்திருக்கிறது என்பது இன்றும் வியப்பைத் தருவது.

பாவனையில் ஒரு தொல்லை உண்டு. எச்சங்கள் பெருக்கிக்கொண்டே போனால் அவை வளருமே தவிர ஒன்றாகச் சுருங்கா. சக்கரவாளம் என்ற முறை இந்த இடத்தில்தான் நுழைகிறது. கையிலுள்ள விடையோடு மிக எளிய ஒரு விடையைச் சேர்ப்பது. அந்த எளிய விடையை, பெருக்கிய பின் எல்லாம் பழைய எச்சத்தால் மீதமின்றி வகுபடுமாறு தேர்ந்துகொள்வது. வகுபடும் தேர்வுகள் பலவற்றுள் புதிய எச்சம் மிகச் சிறியதாக வருவதை எடுப்பது. அவ்வளவுதான்.

61-க்குச் செய்து பார்ப்போம். தொடக்க இணை 8, 1, எச்சம் 3. தேர்வு எண் 7. ஏன் ஏழு? 8-உடன் கூட்டினால் 15, அது மூன்றால் வகுபடுகிறது. 7-இன் வர்க்கம் 49, அது 61-ஐ ஒட்டியிருக்கிறது. புதிய சிறிய மூலம் 15 ÷ 3 = 5. புதிய பெரிய மூலம் (8 × 7 + 61) ÷ 3 = 39. புதிய எச்சம் (49 − 61) ÷ 3 = −4. சரிபார்க்கலாம்: 39-இன் வர்க்கம் 1521; 25 × 61 = 1525. நான்கு குறைகிறது.

இந்தக் குறையைக் கண்டு பாஸ்கரர் அஞ்சவில்லை. எதிர்ம எண்களைக் கடன் என்று கொண்டு, கடனையும் தனத்தையும் கூட்டிப் பெருக்கும் விதிகளைப் பிரம்மகுப்தர் ஏற்கெனவே வகுத்துவைத்திருந்தார். எச்சம் −4 ஆக வந்தால் அங்கிருந்து நேரே கரைசேரும் குறுக்கு வழியும் அவருடையதே. மூலங்களைப் பாதியாக்கினால் 39/2, 5/2, எச்சம் −1. இதை இதனோடே பாவனை செய்தால் 1523/2, 195/2, எச்சம் 1. ஒன்று வந்துவிட்டது, ஆனால் பின்னங்களில். மீண்டும் முதல் இணையோடு சேர்த்தால் பின்னம் மறைகிறது: 29718, 3805; எச்சம் −1. இந்த இணையை இதனோடே இன்னொரு முறை சேர்த்தால் 1766319049, 226153980; எச்சம் 1. நாற்பது நிமிட வகுப்பு ஒன்றில் கரும்பலகையிலேயே முடித்துவிடக்கூடிய கணக்கு இது. 430 ஆண்டுகள் தேவையில்லை.

குறுக்கு வழியைத் தவிர்த்துச் சக்கரத்தை முழுதும் சுழல விட்டால் வேறோர் அழகு தெரியும். பதினான்கு அடிகளில் விடை வருகிறது. எச்சங்கள் வரிசையாக: 3, −4, −5, 5, 4, −3, −1, −3, 4, 5, −5, −4, 3, 1. தேர்வு எண்கள்: 8, 7, 9, 6, 9, 7, 8, பிறகு மீண்டும் 8, 7, 9, 6, 9, 7, 8. மூலங்கள் எட்டிலிருந்து நூற்று எழுபத்தாறு கோடிக்கு ஏறுகின்றன. எச்சமோ ஐந்தைத் தாண்டவே இல்லை. வழியில் ஐந்தாவது அடியில் 1523, 195 என்ற இணை எச்சம் 4-உடன் நிற்கிறது. குறுக்கு வழியில் பாதியாக வந்த அதே எண்கள். மணிமேகலை படித்தவர்களுக்குச் சக்கரவாளம் புதிய சொல் அன்று. உலகைச் சூழ்ந்து வளையமாக நிற்கும் மலைத்தொடருக்கு அது பெயர். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை ஒட்டிய கோட்டத்துக்கும் அதுவே பெயர். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும் ஒரு கணக்குக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடையாது.

இனி அந்த எண்ணையே திறந்து பார்க்கலாம். அதன் முன் நிற்கும் 1766319048 என்பது 29718-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. பின் நிற்கும் 1766319050 என்பது 3805-இன் வர்க்கத்தைப் போல் 122 மடங்கு. பகாக் காரணிகளாக எழுதினால், முன்னது 2, 3, 13, 127 என்ற நான்கு பகா எண்களால் மட்டுமே ஆனது. பின்னது 2, 5, 61, 761 என்ற நான்கால் மட்டுமே ஆனது. இவ்வளவு பெரிய எண்ணின் இரு அண்டை வீட்டாரும் இவ்வளவு சிறிய பகா எண்களால் கட்டப்பட்டிருப்பது தற்செயலாக நிகழக் கூடியதன்று.

எண்ணின் உள்ளே? அது 1523 × 1159763. இந்த 1523-ஐ இதற்குள் இரண்டு முறை சந்தித்துவிட்டோம். பாஸ்கரர் நடுவழியில் பின்னமாகக் கண்டு, கடந்து சென்ற எண், அவர் சென்று சேர்ந்த எண்ணைச் சரியாக வகுக்கிறது. காரணம் கடினமானதன்று: அந்தப் பாதி விடையின் மூன்றாம் அடுக்குத்தான் இறுதி விடை. 1523-இன் கனத்திலிருந்து அதன் மும்மடங்கைக் கழித்துப் பாதியாக்கினால் 1766319049 வந்துவிடும். காரணம் தெரிந்த பிறகும் வியப்புக் குறைவதில்லை. நடந்து வந்த வழியின் தடம் விடையின் காரணிகளிலேயே பதிந்திருக்கிறது.

ஒரு பயனையும் சொல்லிவிடலாம். 1766319049-ஐ 226153980-ஆல் வகுத்தால் 61-இன் வர்க்கமூலம் பதினேழு தசம இடங்கள் வரை பிழையின்றிக் கிடைக்கும். பதினெட்டாம் இடத்தில்தான் ஒன்று கூடும். வர்க்கமூலங்களை அண்ணளவாகக் காண இவ்வகைச் சமன்பாட்டின் விடைகளைப் பயன்படுத்தலாம் என்பதை 1356-இல் கணித கௌமுதி எழுதிய நாராயண பண்டிதர் காட்டியிருக்கிறார். ஆனால் பதினேழு தசம இடங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எந்தத் தச்சருக்கும் எந்தப் பஞ்சாங்கக்காரருக்கும் தேவைப்பட்டிருக்காது. 61-ஐ எடுத்துக்கொண்டதற்கு அதன் கடினத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

அந்தக் கடினத்தை இன்னொருவரும் கண்டுகொண்டார். 1657 பிப்ரவரியில் பிரான்சிலிருந்து பெர்மா, இதே வகை வினாவை ஐரோப்பியக் கணிதர்களுக்கு அறைகூவலாக விடுத்தார். பிரெனிக்கிளுக்கு எழுதிய மடலில், அதிகத் தொல்லை தராத சிறிய எண்கள் என்ற குறும்போடு அவர் குறிப்பிட்ட இரண்டு எண்கள் 61, 109. பாஸ்கரரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 507 ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே எண்ணில் விரலை வைத்ததற்குக் காரணம், எண்ணே அப்படிப்பட்டது என்பதுதான். நூறுக்குட்பட்ட எண்களில் இவ்வளவு பெரிய விடையை உடையது 61 ஒன்றே. இங்கிலாந்தில் பிரௌங்கர் வழி கண்டார். வாலிஸ் அதை எழுதினார். பின்னர் ஆய்லர், பிரௌங்கரின் வேலையை ஜான் பெல் என்பவருடையதாக மயங்கிக் குறிப்பிட்டார் என்பது பொதுவான கருத்து. சமன்பாட்டுக்குப் பெல் சமன்பாடு என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இன்றும் நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அந்தப் பெயர்தான். 1760-களின் இறுதியில் லாகிராஞ்சு, வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் விடை உண்டு என்பதைத் தொடர் பின்னங்களைக் கொண்டு நிரூபித்தார். அவர் இறந்தது 1813-இல். பிரம்மகுப்தரையும் பாஸ்கரரையும் கோல்புரூக் ஆங்கிலத்தில் வெளியிட்டது 1817-இல்.

இந்த நாட்கணக்கு முக்கியமானது. நம் கருத்தரங்குகளில் இந்த எண் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். ஒன்று, எல்லாம் இங்கிருந்துதான் போயிற்று, லாகிராஞ்சு எடுத்துக்கொண்டார் என்னும். அப்படி ஒரு பரிமாற்றத்துக்குச் சான்று கிடையாது. மற்றொன்று, இது வெறும் கைத்திறன், சமையல் குறிப்புப் போன்றது, நிரூபணம் இல்லாதது கணிதமாகாது என்னும். முதல் குரல் ஆரவாரமாக ஒலிக்கும். இரண்டாவது குரல் நாகரிகமாக ஒலிக்கும். இரண்டும் ஒரே சோம்பலில் பிறந்தவை. இரு தரப்பாரும் பதினான்கு அடிகளைத் தாளில் போட்டுப் பார்ப்பதில்லை. செருமானியரான ஹாங்கெலின் நூல் 1874-இல் வந்தது. லாகிராஞ்சுக்கு முன் எண் கோட்பாட்டில் நிகழ்ந்தவற்றுள் இதுவே மிகச் சிறந்தது என்ற கருத்தை அவர் தயங்காமல் எழுதினார். அவர் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆயினும் இரண்டாவது குரலின் உள்ளே ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது. முன்பு ஒத்திவைத்தது அதைத்தான். 61-க்குச் சக்கரம் சுழன்று ஒன்றில் வந்து நின்றது. 67-க்கும் நின்றது, 5967-உம் 48842-உம் கிடைத்தன. எல்லா எண்ணுக்கும் நிற்கும் என்று எப்படித் தெரியும்? எச்சங்களுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குட்பட்டவை என்றாவது ஒரு நாள் திரும்பி வந்தே ஆகவேண்டும். இது வரை எளிது. ஆனால் திரும்பி வரும் அந்த வட்டத்தில் 1 இருந்தே தீரும் என்பது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? ஒன்றைத் தொடாமலேயே முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம் ஒன்று ஏதோ ஓர் எண்ணுக்கு இருக்கக்கூடாதா? பாஸ்கரர் இதற்கு நிரூபணம் எழுதிவைக்கவில்லை. ஒரு விடை எவ்வளவு பெரியதாயினும், அது ஒரு விடைதான். பத்திலக்கச் சாட்சியால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது.

பதில் மைசூரிலிருந்து வந்தது.

ஆ. அ. கிருஷ்ணசுவாமி அய்யங்கார் 1892-இல் செங்கல்பட்டு மாவட்டத்து அத்திப்பட்டில் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கணிதம் முதுகலை முடித்தபோது வயது பதினெட்டு. 1918-இல் மைசூர்ப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் சேர்ந்து, 1947-இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே கற்பித்தார். இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், 1929-30-ஆம் ஆண்டுத் தொகுதியில், பாஸ்கரரின் சக்கரவாள முறையைப் பற்றி அவருடைய கட்டுரை வெளிவந்தது. அம்முறை ஒருபோதும் தோற்காது, எப்போதும் ஒன்றில் வந்தே முடியும் என்பதற்கான நிரூபணத்தை அதில் அவர் கொடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. சக்கரவாளம் லாகிராஞ்சின் தொடர் பின்னத்தின் மாறுவேடம் என்ற எண்ணமும் பிழை என்று காட்டினார். அதனுள் இருப்பது வேறொரு வகைத் தொடர் பின்னம். அதன் கோட்பாட்டை 1940 வாக்கில் தனியே விரித்து எழுதினார். அருகமை வர்க்கத் தொடர் பின்னம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். வேறுபாட்டை 61-இலேயே காணலாம். வழக்கமான தொடர் பின்ன வழியில் விடைக்கு 22 அடிகள், சக்கரவாளத்துக்கு 14.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் பழம்பெருமை பேச மேடைகள் இருந்தன. அதற்குக் கைதட்டலும் இருந்தது. மறுபுறம் ஐரோப்பிய முறையில் பயின்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் சமஸ்கிருத மூலத்தில் நேரத்தைச் செலவிடுவது பழம்பஞ்சாங்க வேலையாகக் கருதப்படவும் கூடும். அவர் இரண்டையும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. முன்னோர் விட்டுச் சென்ற இடம் எது என்று துல்லியமாகப் பார்த்தார். அங்கே இருந்த இடைவெளியை இல்லை என்று மறைக்கவில்லை. இருக்கிறது என்று இகழவுமில்லை. உட்கார்ந்து அதை நிரப்பினார்.

அவருடைய இன்னொரு முகம் பலருக்கு அறிமுகமானது, ஆனால் இந்தப் பெயரோடு சேர்த்து அன்று. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ. கே. ராமானுஜன் அவருடைய மகன். இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என வினவும் தம் புகழ்பெற்ற கட்டுரையில் ராமானுஜன் வரைந்து காட்டும் தந்தை இவர்தான்: கணிதர், வானியல் அறிந்தவர், அதே மூச்சில் சோதிடமும் பார்ப்பவர். அந்த முரண் இளைஞரான மகனைத் துன்புறுத்தியிருக்கிறது. மானிடவியல், இலக்கிய வகுப்புகளில் அந்தத் தந்தையைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஆனால் அங்கே பேசுபவர்களில் பெரும்பாலோர் அவருடைய கணிதக் கட்டுரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கணிதத் துறையில் அந்தக் கட்டுரையைப் பார்த்தவர்களோ மகனுடைய கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள். மகன் பிறந்ததும் 1929-இல்தான். கட்டுரையும் குழந்தையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அந்த வீட்டுக்கு வந்திருக்கின்றன.

அய்யங்கார் 1953-இல் காலமானார். மறு ஆண்டு, 1954-இல், இலக்னோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருபா சங்கர் சுக்லா ஒரு கட்டுரை வெளியிட்டார். உதயதிவாகரர் 1073-இல் எழுதிய சுந்தரி என்ற உரையில், ஜெயதேவர் என்னும் ஆசாரியரின் செய்யுள்கள் மேற்கோளாக வருகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் செய்யுள்கள் விளக்குவது சக்கரவாள முறையை. அதாவது பாஸ்கரருக்குக் குறைந்தது 77 ஆண்டுகள் முன்பே முறை முழுமையாக இருந்திருக்கிறது. பாஸ்கரரும் இதைத் தம் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. சக்கரவாளம் என இதனை வழங்குவர் என்று பிறர்மேல் வைத்தே கூறியிருக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த மனிதர்களில் ஒருவருக்கு எண்ணூறு ஆண்டுகள் கழித்துப் பெயர் கிடைத்தது. தம் வாழ்நாளில் இவ்வளவு உழைப்பை இதற்குக் கொடுத்த மனிதருக்கு அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள ஓராண்டு போதவில்லை. ஜெயதேவரைப் பற்றி அந்த மேற்கோள்களைத் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை.

பாஸ்கரரின் நிலை வேறு. மகாராட்டிரத்தில் சாளிஸ்காவுக்கு அருகே பாட்ணா என்னும் ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாஸ்கரருடைய நூல்களைப் பயிற்றுவதற்கென்றே அவருடைய பேரன் சங்கதேவர் ஒரு மடம் நிறுவிய செய்தியை அது சொல்கிறது. அரசன் கொடை கொடுத்தான், கல்லில் எழுதினார்கள். 61-க்கான கணக்கை அந்த மடத்தின் மாணவர்களும் போட்டிருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. அவர்களில் யாரேனும், இது எப்போதும் முடியுமா ஐயா என்று கேட்டிருக்கவும் கூடும். கேட்டிருந்தால் அது கல்லில் ஏறியிருக்காது.

பெர்மா குறிப்பிட்ட மற்றோர் எண்ணாகிய 109 இன்னும் மேசைமேல் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் தாளை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க இணை 10, 1, எச்சம் −9. அடுத்தது 21, 2; எச்சம் 5. அதற்கடுத்து 94, 9; எச்சம் 7. நான்காவது இணை 261, 25, எச்சம் −4. அங்கிருந்து 61-க்குச் சென்ற அதே வழிதான். பாதியாக்கி, தன்னோடே சேர்த்து, மீண்டும் முதல் இணையோடு சேர்த்து, கிடைத்ததை இன்னொரு முறை தன்னோடே சேர்த்தால் பெரிய மூலம் 158070671986249 என்று வரவேண்டும். வந்ததும், நடுவழியில் 2-இன் மேல் நின்ற 68123-ஆல் அதை வகுத்துப் பாருங்கள்.